ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தக்கட்டி: இது கவனக்குறைவா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஆறாம் நாள் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. நர்ஸிடம் சொன்னதற்கு, “படுத்தே இருக்கிறாரே, அதனால்தான்” என்றார். எட்டாம் நாள் மூச்சுத் திணறல். நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள். ஐசியுவில் இருந்து பிழைத்து வந்துவிட்டார். வழக்குப் போடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: ரத்தக்கட்டி வந்துவிட்டது என்பதாலேயே அதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. கால் அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கும்; அடிபட்ட உடம்போ ரத்தத்தை உறைய வைக்கவே பார்க்கும். இடுப்பு ஆபரேஷனில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரின் போன்ற ஊசியைத் தொப்புளைச் சுற்றிப் போடுகிறோம். குறைந்தது 10 நாள், தேவைப்பட்டால் 35 நாள் வரை. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வரத்தான் செய்கிறது.

ஊசி போட்டார்களா? போடவில்லை என்றால், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு என்று காரணம் எழுதியிருக்கிறார்களா? இதையெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிட உறுத்துவது அந்த ஆறாம் நாள். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் டாக்டர் வந்து பார்த்து, காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னதை நர்ஸ் குறிப்பில் எழுதினாரா என்று பாருங்கள்.

எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அவற்றை வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவரும் தவறு என்று சொன்னால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போலீஸ் புகார் என்று இறங்காதீர்கள். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

கோபப்படாமல் இன்னொன்றையும் கேளுங்கள். கட்டி வருவதற்கு வீட்டுக்காரர்கள் செய்வதும் சில சமயம் துணைபோகும். பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்பார்; “இப்பதான் தூங்கறார், நாளைக்கு வாங்க” என்று வீட்டுக்காரர்களே அனுப்பிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளாளுக்கு “பச்சை உடம்பு, அசையாதே” என்பார்கள். பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காத பெரியவர்களை வார்டுக்கு வார்டு பார்க்கலாம், அதுவும் வேலூர் வெயிலில். ஊசி போட்ட இடம் கன்றிப்போனால் பயந்து நிறுத்தச் சொல்வார்கள். லேசாகக் கன்றுவது சகஜம்தான். வீங்கிய காலில் தைலம் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது, கட்டி நகர்ந்துவிடலாம்.

சரி, இப்போது அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார். குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டியிருக்கும். நன்றாக நடக்கிறாரே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள், ரத்தக்கசிவு வரும். கால் மறுபடி வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.