ஆராய்ச்சி எங்கே நடக்கிறது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பயிற்சி வகுப்புகளில் எதற்கெடுத்தாலும் ‘ஆராய்ச்சி சொல்கிறது’ என்கிறார்கள். கட்டுரைகளைத் திறந்தால் அட்டவணையும் சதவீதமும்தான். என் ஒன்பதாம் வகுப்பைக் காணோம். நோட்டு திருத்தவே நேரம் போதவில்லை. பிஎச்.டி. செய்தால் விளங்குமா? எந்த இதழ்களைப் படிக்கலாம்?

கே., கடலூர்

அன்புள்ள கே.,

பிஎச்.டி. உங்கள் விருப்பம். இதழ்ப் பட்டியலை எந்தக் கல்லூரி நூலகரும் தருவார். ஆராய்ச்சி என்றால் அட்டவணை என்று நீங்களும் நம்பிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ஆங்கில ஆசிரியர்களை ஆராயும் சைமன் போர்க் 13 நாடுகளில் 505 ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்விலும் பலருக்கு ஆராய்ச்சி என்றால் புள்ளிவிவரமும் கருதுகோளும்தான். நேரமில்லை என்பதுதான் அவர்களுக்கும் பெரிய குறை. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் ஊரிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபுவும் அவருடன் சேர்ந்தவர்களும் பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் இலக்கணப் பாடமே நடத்தாமல் ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியைப் பிடிப்பது என்று பிள்ளைகளையே யோசிக்க வைத்தார்கள். வகுப்பில் பாதிப் பேராவது பாதியாவது சரியாகச் செய்தார்களா? இல்லையென்றால் பாடம் கடினம், அடுத்ததை எளிதாக்கு. இவ்வளவுதான் அளவுகோல். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆராய்ச்சி அது. நடந்த இடம் சாதாரண வகுப்பறை.

எட்டாம் வகுப்பில் நான் ‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’ என்று எழுதினேன். வாத்தியார் அடிக்கவில்லை. “அந்த ‘ஆம்’ எங்கேருந்துடா வந்துச்சு?” என்றார். “ஐ வந்தா ஆம் வரணும்ல சார்?” என்றேன். அதை அப்படியே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாள் வகுப்பு முழுக்கக் கேட்டார். பலரும் அதையே சொன்னோம். ‘ஐ’, ‘ஆம்’ இரண்டையும் சேர்த்தே ஒப்பிக்க வைத்ததன் விளைவு என்று பிடித்துவிட்டார். அப்புறம் ‘ஐ கோ, ஐ ஈட்’ என்று ‘ஆம்’ இல்லாத வாக்கியங்களாகவே சொல்ல வைத்தார். அவர் எந்த இதழையும் புரட்டியவர் அல்ல.

நீங்கள் தினமும் திருத்துகிற நோட்டுகளில் எத்தனை ‘ஆம்’கள் இருக்கும்! சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தால் எப்படி, அம்மா? நேரமில்லைதான், தெரிகிறது. எல்லாப் பிழையும் வேண்டாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று பத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டுரையைப் படிக்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.