கத்தரியும் கரண்டியும்

தையல், கேக், கைவேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு தையல் டீச்சரின் பதில்கள்

தயிரும் சோடாவும் சேர்த்து, முட்டை இல்லாத கேக்கைக் குக்கரில் செய்கிறேன். ஓரமெல்லாம் நன்றாக வருகிறது, நடுவில் மட்டும் குழி விழுகிறது. இரண்டு வயதுப் பையன் பாதியில் அழுவான். கலந்த மாவை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன். அதனாலா?
வாசகி, பெருந்துறை

பாதிக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள் கண்ணு. சோடாவில் தயிர் பட்டதும் நுரைக்க ஆரம்பிக்கும். கேக்கைத் தூக்கி நிறுத்துவதே அந்தக் காற்றுதான். பையனுக்குக் கால் கழுவி, டவுசர் மாற்றிவிட்டு நீங்கள் வருவதற்குள் அது கிண்ணத்திலேயே போய்விடும்.

மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இவற்றைச் சலித்து ஈரமில்லாத டப்பாவில் மூடி வையுங்கள். காலையில் சலித்து வைத்தது மாலைவரை கெடாது. தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப் அடித்துத் தனியாக ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பையன் தூங்கியதும் தயிர்க் கலவையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முதலில் குக்கரை அடுப்பில் ஏற்றுங்கள். அடியில் கல் உப்பு, மேலே ஸ்டாண்டு. மூடியில் கேஸ்கட்டும் வெயிட்டும் இருக்கக் கூடாது. பத்து நிமிடம் காய்ந்த பிறகுதான் சலித்த மாவையும் தயிர்க் கலவையையும் சேர்க்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்தால் போதும். அதற்கு மேல் கிண்டினால் கேக் கடிக்க இழுபடும். கலந்த கையோடு உள்ளே வைத்துவிடுங்கள்.

மீதிக் காரணம், மூடியைத் திறந்து பார்ப்பது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்த்திருப்பீர்கள்! சிறு தீயில் 35 நிமிடம்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்கு மேல் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பார்க்கலாம். சோறு வடிக்கும் நல்ல குக்கரை இதற்கு எடுக்க வேண்டாம், தண்ணீரில்லாமல் காய்ந்து காய்ந்து வீணாகிவிடும். பரணில் கிடக்கும் பழைய குக்கர் போதும்.

அப்புறம், மாவுக் கரண்டியைப் பையனுக்கு நக்கக் கொடுக்காதீர்கள். முட்டைதான் இல்லையே என்று நினைப்போம். வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

மூன்று வயது மகளின் பிறந்தநாளுக்கு நானே கவுன் தைக்க ஆசை. கழுத்தில் கயிறு வைத்துக் கட்டும் மாதிரி ஒன்று பார்த்தேன், அழகாக இருந்தது. உட்கார்ந்து தைக்க ஒரே மூச்சில் அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. முடியுமா?
வாசகி, காரைக்குடி

முடியும். ஆனால் கழுத்துக் கயிறு வேண்டாம். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில், ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பக்கம் கட்டுகிற கயிறே இருக்கக் கூடாது. ஈஎன் 14682 என்று அதற்கு ஒரு விதி. சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. இங்கே பார்க்குகளில் இருப்பதும் அதே சறுக்குமரம்தானே? கயிற்றுக்குப் பதில் கழுத்துப் பட்டிக்குள் மெல்லிய எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். சுருக்கமும் வரும், தலையும் சுலபமாக நுழையும்.

நேரத்துக்கு வருவோம். துணி வெட்டுவதுதான் நடுவில் எழுந்து போக முடியாத வேலை. பாதி வெட்டிய துணியில் குழந்தை வந்து உட்கார்ந்தால் அளவு போச்சு. அதனால் அதை மட்டும் மகள் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே இருப்பாக முடித்துவிடுங்கள். அதற்கு முந்தின நாளே காட்டன் துணியையும் லைனிங்கையும் தண்ணீரில் நனைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். வெட்டிய ஒவ்வொரு துண்டின் உள்பக்கமும் சாக்கால் ‘முன்’, ‘பின்’, ‘இடது கை’ என்று எழுதி ஒரு பைக்குள் போடுங்கள். இதற்குப் பிறகு பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும், ஒரு தோள் மூட்டலாம். ஊசி 14ஆம் நம்பர் காட்டனுக்குச் சரியாக இருக்கும். அடியில் நூல் முடிச்சு முடிச்சாக விழுந்தால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் மேல்நூலைக் கோத்ததில்தான் தப்பு இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்துப் பாருங்கள்.

பாவாடைப் பகுதியில், உள்பக்கமாக அரை அங்குல ஆழத்தில் இரண்டு டக், அதாவது மடித்துத் தைக்கும் மடிப்பு, பிடித்துவிடுங்கள். நம் பாட்டிமார் பட்டுப்பாவாடைக்குச் செய்ததுதான். ஒரு டக்கைப் பிரித்தால் ஓர் அங்குலம் நீளும். பெரிய தையலாகப் போட்டால் பிரிப்பது சுலபம். காட்டனில் ஊசித்துளை இரண்டு துவைப்பில் மூடிக்கொள்ளும், பட்டில் தெரியும், அங்கே லேஸ் வைத்து மறைக்க வேண்டியதுதான். பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் கூட விடுங்கள். இரண்டு வருஷம் போடலாம். ஒரே ஒரு பிறந்தநாளுக்காக அளவெடுத்தாற்போல் தைப்பதை நான் துணிக்குச் செய்கிற பாவம் என்பேன்.

மனைவி வீட்டில் மோட்டார் மெஷினில் தைக்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை மெஷினுக்கு அடியிலேயே தவழ்ந்து போகிறாள்.
வாசகர், ஓசூர்

தம்பி, தைத்து எழுந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவச் சொல்லுங்கள். கீழே கிடக்கும் பெடலில் குழந்தை கை வைத்தால் மேலே ஊசி ஓடும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெல்ட்டுக்கு மூடி இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். குண்டூசிக்குப் பதில் கிளிப். அது தரையில் விழுந்தாலும் கண்ணில் படும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி, எழும்போதெல்லாம் தரையில் இழுத்துவிட்டால் தவறிய ஊசி மாட்டிக்கொள்ளும். மனைவி தைக்கும் அந்த ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் மாடிக்குத் தூக்கிப் போனால் இதில் பாதி தேவையே இருக்காது.

கேக்கை விற்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது.
வாசகி, தஞ்சாவூர்

சொல்கிறவர்களில் யார் பாத்திரம் கழுவுவார்கள் என்று கேட்டீர்களா? வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வாங்க வேண்டும். ஆர்டர் எடுத்துவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கே ஆசையென்றால் செய்யுங்கள். மற்றவர்கள் ஆசைக்கு இப்போது வேண்டாம்.

ஆறு வயதுப் பெண்ணோடு சேர்ந்து குன்றிமணியில் மாலை கோக்கலாம் என்றிருக்கிறேன். ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டால் சரியாக வருமா? தம்பிக்கு ஒன்றரை வயது.
வாசகி, நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிற பொருள் என்பதால் நமக்குப் பயம் விட்டுப்போயிற்று. உள்ளே இருப்பது கடுமையான விஷம், அப்ரின் என்று பெயர். தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கியது சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். நீங்கள் போடப்போகும் ஓட்டையோ அந்தத் தோலைத்தான் உடைக்கும். மென்றாலும் அதே ஆபத்து. யாராவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். மிச்சமிருக்கும் மணி ஒன்றை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளையார் கண்ணையும் பூஜை முடிந்ததும் நீங்களே எடுத்துப் பத்திரப்படுத்திவிடுங்கள்.

பல்லாங்குழி மஞ்சாடியும் தம்பி எட்டும் இடத்தில் கூடாது, தொண்டையில் சிக்கும். பெரியவளுக்குக் குழாய் வடிவப் பாஸ்தாவை வாட்டர் கலரில் நனைத்துக் காய வைத்துக் கொடுங்கள். ஷூ லேஸில் கோக்கலாம், ஊசியே வேண்டாம். அந்த மாலையும் மேஜை மேலேயே இருக்கட்டும், தம்பி தூங்கும் நேரத்தில் மட்டும்.