வெள்ளைக் கண் பெண் ஈ எங்கிருந்து வந்தது?

கேள்வி: முதுகலை விலங்கியல் செய்முறைக்காக வெள்ளைக் கண் பெண் பழப்பூச்சியை (பழ ஈ) சிவப்புக் கண் ஆணோடு சேர்த்தோம். முதல் தலைமுறையில் பெண்கள் எல்லாம் சிவப்பு, ஆண்கள் எல்லாம் வெள்ளை என்றுதானே வர வேண்டும்? எங்களுக்குச் சிவப்புப் பெண் 47, வெள்ளை ஆண் 64, வெள்ளைப் பெண் 16, சிவப்பு ஆண் 2 என வந்தது. தவறு எங்கே?

பதில்: உங்கள் எண்களே பதிலைச் சொல்கின்றன. இந்தக் கண் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; சிவப்பு வெள்ளையை மறைக்கும். மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். அதனால் அவன் வெள்ளை. மகளுக்குத் தந்தையின் எக்ஸும் சேர்வதால் அவள் சிவப்பு. வெள்ளைக் கண் மகள் பிறந்தால், அவளுடைய தந்தை பெரும்பாலும் நீங்கள் விட்ட சிவப்பு ஆண் அல்ல.

முதலில் அந்தப் 16-ம் பெண்தானா என்று பாருங்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்காது. வெளிறிய உடலைப் பார்த்துப் பெண் என்று எண்ணிவிடுவார்கள். வயிற்றை விட்டுவிட்டு முன்காலைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே சீப்புப் பல் போல ஒரு சின்னக் கறுப்பு வரிசை இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. ஆனால் உங்கள் விஷயத்தில் இது காரணமாகத் தெரியவில்லை. ஆண்களைப் பெண்களாக எண்ணியிருந்தால், வெள்ளை ஆண் கணக்கு 47-ஐவிடக் குறைந்திருக்கும். இங்கே கூடியிருக்கிறது: 47-உம் 16-உம் 63, உங்கள் வெள்ளை ஆண் 64. ஸ்டாக் பாட்டிலின் (வெள்ளைக் கண் ஈக்களை வளர்த்துவரும் பாட்டில்) வெள்ளை ஆண்கள் மூலம் 16 மகள்களும் ஏறக்குறைய அதே அளவு மகன்களும் பிறந்திருக்கிறார்கள். அதாவது, தாய் ஈக்களில் சில கன்னி ஈக்கள் அல்ல, ஏற்கெனவே அந்த ஆண்களோடு இணைந்தவை. இல்லையென்றால், வெளிறிய வெள்ளை ஆண் ஒன்று பெண் என்று நினைத்துத் தாய்களோடு போடப்பட்டிருக்கிறது.

மாணவர்கள் இதை 1916-இல் கால்வின் பிரிட்ஜஸ் விளக்கிய 'நான்டிஸ்ஜங்ஷன்' (முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பிரியாமல் போவது) என்று எழுதிவிடுவதுண்டு. அப்படி எழுத வேண்டாம். அது ஆயிரக்கணக்கில் ஒன்றிரண்டுதான் வரும். வந்தாலும் சிவப்பு ஆணும் கிட்டத்தட்ட அதே அளவில் வர வேண்டும். உங்களுடைய 2 சிவப்பு ஆண்கள் பெரும்பாலும் ட்யூபில் விடுபட்ட தந்தைகளே. சிறகு ஓரம் கிழிந்திருந்தால் அது பழைய ஈ. அதே ட்யூபில் தாய்களும் தங்கியிருந்தால் அவையும் வெள்ளைப் பெண் கணக்கில் ஏறியிருக்கும்.

ஒரு முறை இணைந்த பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்து, இரண்டு வாரம் வரைகூட முட்டைக்குப் பயன்படுத்தும். அதனால் கன்னி ஈ எடுப்பதில்தான் இந்தச் சோதனையின் உயிரே இருக்கிறது. காலை 8 மணிக்கு ஸ்டாக் பாட்டிலில் உள்ள அத்தனை ஈக்களையும் தட்டி வெளியேற்றுங்கள், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. 25 டிகிரியில் பெண் ஈ வெளிவந்து சுமார் 8 மணி நேரம் இணையாது. பாதுகாப்புக்கு 6 மணி நேரத்துக்குள், அதாவது பிற்பகல் 2-க்குள் எடுத்துவிடுங்கள். புதிய ஈயின் உடல் வெளிறி, சிறகு சுருண்டிருக்கும்; வயிற்றின் அடிப்பக்கம் தோலுக்குள்ளே கடுகைவிடச் சிறிய கரும்பச்சைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி இருந்தால் நம்பி எடுக்கலாம்.

எடுத்தவற்றை ஆண் இல்லாமல் 3 நாள் வையுங்கள். கன்னி ஈயும் முட்டையிடும், ஆனால் அது பொரியாது. உணவில் ஒரு புழு நெளிந்தாலும் அந்த ட்யூப் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். இந்த 3 நாள் காத்திருப்பைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், தவிர்க்கவே கூடாது.

பிறகு ஒரு ட்யூபுக்கு 5 பெண், 5 ஆண். 7-ஆம் நாள் பெற்றோர் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். 10-ஆம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கி 17-ஆம் நாளோடு நிறுத்துங்கள். அதற்குப் பின் இரண்டாம் தலைமுறை கலந்து, வெள்ளைப் பெண்ணும் சிவப்பு ஆணும் நியாயமாகவே வரத் தொடங்கும்.

உணவுக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பூஞ்சைக்கு எதிராக 7.5 மில்லி புரோப்பியானிக் அமிலம். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிவிடும், 60 டிகிரிக்கு ஆறிய பின் ஊற்றுங்கள். ஈதர் கொடுத்து மயக்கிய ஈ விழிக்கும்வரை ட்யூபைப் படுக்க வையுங்கள், நிமிர்த்தினால் உணவில் ஒட்டிச் சாகும். கோடையில் அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஆண்கள் மலடாகும். ஏசி அறையில் 25-இல் வையுங்கள்.