டெபியனில் லிப்ரேஆபீஸ் ஏன் பழசாகவே இருக்கிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் அடிப்போம். மெஷினில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் அதில் லிப்ரேஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருள் 7.4 தான். மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று குறிக்கும் சோர்ஸ் லிஸ்ட்டில் ‘சிட்’ என்று மாற்றினால் புதுசு வந்துவிடும் என்கிறார் பொள்ளாச்சி மச்சான். மாற்றலாமா?

பதில்: வேண்டாங்க. சம்பாதித்துக் கொடுக்கிற மெஷினில் அந்த விளையாட்டு ஆகாது.

டெர்மினலில் ‘ஆப்ட் பாலிசி லிப்ரேஆபீஸ்’ (apt policy libreoffice) கொடுத்துப் பாருங்கள். 7.4.7-க்குப் பின்னால் ‘டெப்12யு’ (deb12u) என்று ஒரு வாலும் ஓர் எண்ணும் தெரியும். பாதுகாப்பு ஓட்டை ஏதாவது தெரிய வந்தால், அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்து டெபியன்காரர்கள் இந்தப் பதிப்பிலேயே ஒட்டுகிறார்கள். அப்போது வாலில் உள்ள எண் கூடும், 7.4 மாறாது. எல்லோரும் பயன்படுத்த வெளியிடும் பதிப்பை ‘ஸ்டேபிள்’ என்பார்கள். அதற்கு டெபியனில் பொருள் இதுதான்: குறையே இல்லாதது அல்ல, திடீரென்று குணம் மாறாதது.

புதுப் பதிப்பு முதலில் இறங்கும் இடம்தான் சிட். அங்கிருந்து, அடுத்த ஸ்டேபிளாக உருவாகிவரும் ‘டெஸ்டிங்’குக்குப் போக வழக்கமாக 5 நாள் காத்திருக்க வேண்டும். அவசரத்தைப் பொறுத்து அது 2 அல்லது 10 ஆகும். அதற்குள் புதிதாகப் பெரிய பிழை எதுவும் பதிவாகக் கூடாது. உங்கள் ஊர்ப் பக்கமே வராத ஐபிஎம் மெயின்பிரேம் உட்பட, டெபியன் ஆதரிக்கும் கணினி வகைகளில் எல்லாம் பில்ட் ஆக வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் புரோகிராமாக உருவாக வேண்டும். அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளும் (துணை மென்பொருள்களும்) டெஸ்டிங்கில் இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். ஜிஎஸ்டிக்கு முன்னால் கேரள எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்ட்டைப் பார்த்தவருக்குப் புரியும்: நம் லாரியின் காகிதமெல்லாம் சரி, முன்னால் நிற்கும் லாரி நகராது. யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று முடிவு செய்வது ‘பிரிட்னி’ என்ற புரோகிராம்.

பிறகு ஃப்ரீஸ், அதாவது டெஸ்டிங்குக்குள் புது மாற்றங்களை விடாமல் நிறுத்துவது. டெபியன் 13-க்கு 2025 மார்ச்சில் கதவை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கி, பிழைகளை அடைத்து, ஆகஸ்ட் 9-இல் வெளியிட்டார்கள். அன்றுதான் அந்த டெஸ்டிங் ஸ்டேபிள் ஆனது.

சிட் வரியைச் சேர்த்துப் பட்டவன் நானும்தான். நீக்கப்போகும் மென்பொருள் பேக்கேஜ்களின் பட்டியல் நீளமாக வந்தது. படிக்காமல் ‘ஒய்’ தட்டினேன். மறுநாள் டெஸ்க்டாப்பே இல்லை, கறுப்புத் திரை மட்டும்.

உங்களுக்கு நேர்வழி டெபியன் 13 தான். அதில் லிப்ரேஆபீஸ் 25.2 இருக்கிறது. முதலில் டெர்மினலில் ‘ஆர்ச்’ (arch) என்று அடியுங்கள். விடை 64 என்று முடிந்தால் ஃபைல்களையும் ஃபான்ட்களையும் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு மாறலாம். ‘ஐ686’ என்று வந்தால் மாறாதீர்கள். அது பழைய 32 பிட் வகை. 13-இல் அதற்கான இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. எதுவானாலும் ஓணம் நோட்டீஸ் வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் கை வையுங்கள்.