28 நாளில் எலியின் விந்தணு எண்ணிக்கை

ஆண் எலிகளுக்கு 28 நாள் மூலிகைச் சாறு கொடுத்தும் விந்தணு எண்ணிக்கை மாறவில்லை, 'விளைவு இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். எலியின் விந்தகத்தில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 52 நாள் ஆகும். அப்புறம் விந்தணு முதிரும் சுருள்குழாயான எபிடிடிமிஸைக் கடக்க இன்னும் ஒன்றிரண்டு வாரம். நீங்கள் எண்ணியவை எல்லாம் சாறு கொடுக்கத் தொடங்கும் முன்பே வளரத் தொடங்கியவை. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 416-ஆம் இனப்பெருக்க நச்சுச் சோதனை முறையில் இணை சேர்க்கும் முன் ஆணுக்குக் குறைந்தது 10 வாரம் மருந்து தருவது இதனால்தான்.

விந்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் திசுவைப் பாருங்கள், ஆரம்பநிலைச் செல்களின் சேதம் அங்கேதான் முதலில் தெரியும். வெறும் ஃபார்மலினில் போட்டிருந்தால் விந்தணு உருவாகும் குழாய்கள் சுருங்கித் தொலைக்கும். அடுத்த முறை, திசுவைப் பதப்படுத்தும் பூவான் (Bouin) கரைசலில் போடுங்கள்.

இணை சேர்த்துக் குட்டிகளை எண்ணினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலிக்கு விந்தணு இருப்பு மிக அதிகம், பாதிக்கு மேல் குறைந்தாலும் குட்டிகள் வழக்கம்போல் பிறக்கலாம்.

சரி, நாட்களை நீட்டுவதானால் முதலில் உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிக்குழுவிடம் திருத்திய அனுமதி வாங்கிவிடுங்கள்.