ஆர்மோனியத் துருத்தியும் ஆறு கால் பெட்டியும்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், பினாங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்)

கே: என் தம்பி சிப்பாங்கில் விமானிப் பயிற்சி எடுக்கிறான். தரையில் நிற்கும் சிமுலேட்டர் பெட்டிக்குள் இருந்து ஓட்டும்போதே, விமானம் கிளம்புகையில் முதுகு இருக்கையில் அழுந்துகிறது என்கிறான். பெட்டியோ ஓர் இடத்துக்கும் போகாதாம். கதை விடுகிறானா?
*மாணவி, சுங்கைப்பட்டாணி*

ப: தம்பி சொல்வது உண்மை. கதை விடுவது பெட்டிதான்.

வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை அப்படிப்பட்ட பெட்டியை வெளியே நின்று பார்த்தேன். தரையில் மஞ்சள் கோடு, அதைத் தாண்டக் கூடாது. சின்ன வீடு அளவு பெட்டி, அடியில் எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு சுருங்கும் ஆறு கால்கள். உள்ளே இருந்தவர் வேகத்தைக் கூட்டியதும் பெட்டி முன்னால் ஒரு சின்ன உந்து உந்தியது. அப்புறம் சத்தமில்லாமல் மூக்கைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான். திரையில் ஓடுபாதை சமமாகவே தெரியும், அடிவானம் சாயாது. சாய்ந்த உடம்பைப் பூமி பின்னால் இழுக்கிறது. இழுப்பது பூமியா வேகமா என்று பிரித்துச் சொல்ல உள்காதுக்குத் தெரியாது. கண் வேகம் என்கிறது, காதும் ஆமாம் போடுகிறது.

அந்த ஆறு கால் அமைப்பு விமானத்துக்காகப் பிறந்ததல்ல. 1950களில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் எரிக் காஃப் என்பவர் கார் டயரை எல்லாப் பக்கமும் அழுத்தி, முறுக்கிச் சோதிக்கக் கட்டியது. 1965இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கு இப்படி ஒரு மேடை செய்யலாம் என்று கட்டுரை எழுதினார். பெயர் அவருக்குப் போய்விட்டது. ஸ்டூவர்ட் மேடை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். டயர்க்காரருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

கே: பறக்காமலே பறக்கக் கற்றுக்கொடுக்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது?
*வாசகர், ஈப்போ*

ப: ஒரே ஆளைச் சொன்னால் தப்பு. 1910 வாக்கிலேயே பிரான்சில் பாதிப் பீப்பாயில் ஆளை உட்காரவைத்து, சுற்றி நின்று ஆட்டிப் பழக்கினார்கள். உருப்படியாகச் செய்தவர் எட்வின் லிங்க். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும்.

லிங்கின் அப்பா அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். மகன் 1920இல் 50 டாலர் கட்டி முதல் விமானப் பாடத்துக்குப் போனார். கூட்டிப்போனவர் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, பையனைக் கைப்பிடியைத் தொடவே விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து 1929இல் ஒரு பெட்டி விமானத்தைச் செய்து முடித்தார்.

அதற்குள் இருந்தது துருத்தி. என் சின்னத் தாத்தா ஜார்ஜ்டவுனில் ஆர்மோனியம் பழுது பார்த்தவர். காற்று ஒழுகும் பெட்டி வந்தால், முதலில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் துருத்தியின் மடிப்போரமாக மெதுவாகக் கொண்டுபோவார். நேராக எழும் புகை எந்த இடத்தில் வளைகிறதோ, அங்கேதான் ஓட்டை. மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி, சூடான பசை தடவி ஒட்டுவார். அப்புறம் மிதமாக அமுக்கிப் பார்த்து, “மூச்சு வந்துருச்சு” என்பார். லிங்கின் பெட்டிக்கும் மூச்சு அதேதான். அடியில் துருத்திகள். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு வால்வு திறந்து, இடப்பக்கத் துருத்தியின் காற்று உறிஞ்சப்படும். அது சுருங்கும், பெட்டி இடப்பக்கம் சாயும். தானாக வாசிக்கும் பியானோவில் சுத்தியலைத் தூக்கும் அதே வித்தை.

முதலில் யாரும் மதிக்கவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஆடும் விளையாட்டாக விற்றது. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்க வேண்டி வந்தது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் தலா 3,500 டாலருக்கு ஆறு பெட்டி வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சம் பேர்வரை அதில் பழகிவிட்டார்கள். பயிற்சி ஆசிரியர் தனி மேசையில் இருப்பார். மேசைமேல் மூன்று சக்கரச் சிறு கருவி ஒன்று வரைபடத்தில் ஊர்ந்து, பையன் ‘பறந்த’ வழியை மையால் கோடு போடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நண்டு. மேசையில் நண்டு தாறுமாறாக ஓடினால் பையன் மேகத்தில் தொலைந்துவிட்டான் என்று அர்த்தம்.

கே: ஆட்டோபைலட் போட்டுவிட்டு விமானிகள் தூங்குவார்களாமே?
*பெயர் வேண்டாம், கிள்ளான்*

ப: போன மாதமும் நீங்கள்தானே கேட்டீர்கள்? முதலில் வந்த ஆட்டோபைலட்டின் உயிர் பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் நிலையை லேசில் விட்டுக்கொடுக்காது. விமானம் சாய்ந்தால் அந்த வித்தியாசத்தை வைத்துக் கருவி சரிசெய்யும். லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது இளைஞர் 1914 ஜூன் 18 அன்று பாரிஸ் அருகே சேன் நதிக்கு மேலே, பறக்கும் படகு (தண்ணீரில் இறங்கும் விமானம்) ஒன்றில் இதை எல்லாருக்கும் காட்டினார். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருக்க, மெக்கானிக் இறக்கைமேல் ஏறி நடந்தார். விமானம் நிலைகுலையவில்லை. என்னைக் கேட்டால் அந்த மெக்கானிக்குக்குத்தான் மாலை போட வேண்டும். தூக்கத்தைப் பற்றி விமானிகளைக் கேளுங்கள், நான் கீழே இருந்தவன்.

கே: புலாவ் பாயாரில் பார்த்தேன். முக்குளிப்பவர்கள் படகு விளிம்பில் உட்கார்ந்து முதுகுப்புறமாகக் கடலில் விழுகிறார்கள். ஏன், முன்பக்கமாகக் குதித்தால் என்ன?
*இல்லத்தரசி, பிறை*

ப: அது சின்னப் படகாக இருந்திருக்கும். முதுகில் அவ்வளவு கனமான டேங்க்கைக் கட்டிக்கொண்டு அதில் எழுந்து நின்றால் படகும் ஆடும், ஆளும் தடுமாறுவார். முன்னால் குனிந்து விழுந்தால் முகமூடி முகத்திலிருந்து பிய்ந்துவிடும், டேங்க் பிடரியில் இடிக்கும். பின்னால் சரிந்தால் டேங்க்தான் முதலில் தண்ணீரை அறையும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் சரிந்தால் படகு சமநிலையில் நிற்கும். பின்பக்கத்தில் மேடை வைத்த பெரிய படகென்றால் நின்றபடி ஒரு நீண்ட எட்டு வைத்து இறங்குவார்கள்.

படகு என்றதும் லிங்க் மறுபடி வருகிறார். விமானத்தில் காசு பார்த்தவர் பிற்காலத்தில் கடலுக்குப் போய்விட்டார். கடலடித் தொல்லியலுக்கென்றே ‘சீ டைவர்’ என்ற கப்பலைக் கட்டி, 1692 நிலநடுக்கத்தில் மூழ்கிய ஜமைக்காவின் போர்ட் ராயலை 1959இல் தோண்டினார். 1964இல் பகாமாஸ் கடலில் 132 மீட்டர் ஆழத்தில், ஊதிய ரப்பர் கூடாரம் ஒன்றில் இரண்டு பேரை 49 மணி நேரம் தங்கவைத்தார். ஒருவர் ராபர்ட் ஸ்தெனுயி, மற்றவர் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் மகன் ஜான். கூடாரத்தின் தரையில் திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளித் தண்ணீரோடு சமமாக இருப்பதால் கடல் மேலே ஏறாது. சின்னத் தாத்தா பார்த்திருந்தால், இதுவும் துருத்திதானே என்றிருப்பார். ரப்பர் நம் தோட்டத்துப் பாலா என்று யாரும் எழுதிக் கேட்காதீர்கள்.

கே: பெர்ஹெந்தியானில் மூன்று நாள் முக்குளிக்கப் போகிறோம். கடைசி நாள் மாலையே கோத்தா பாருவில் விமானம் ஏறலாமா?
*இளைஞர், பாயான் லெப்பாஸ்*

ப: கூடாது. ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்து கிடக்கும். மெதுவாகத்தான் வெளியேறும். விமான அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுவரை இறங்கலாம், அதாவது கெந்திங் மலையைவிட உயரம். சோடா மூடியைத் திறந்த மாதிரி, கரைந்தது குமிழியாகிவிடும். ஒரே ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து இறங்கினால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது கணக்கு.

சரி, விமானம் வேண்டாம், ராத்திரியே காரில் ஜெலி, கிரிக் வழியாக வந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். அந்தச் சாலையும் தித்திவங்சா மலைமேல் ஏறித்தான் இறங்குகிறது. 600 மீட்டருக்கு மேல் போனாலே இந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு ராத்திரி கோத்தா பாருவில் தங்கி, காலையில் நாசி கெராபு சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் கிளம்புங்கள்.