ஸ்போர்ட்ஸ் காரின் பின்பகுதி ஒரு பக்கமாகத் தாழ்ந்து நிற்கிறது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவதுதான்.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, டயர்களின் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். ஜாக்கிலிருந்து இறக்கியிருந்தால், சிறிது தூரம் ஓட்டிய பிறகே அளக்க வேண்டும்.

வித்தியாசம் உண்மைதான் என்றால், முன்பக்கத்தை நடுவில் ஒரே ஜாக்கால் தூக்குங்கள். (அடியில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.) பின்பகுதி சமமாகிவிட்டால் கோளாறு முன் ஸ்பிரிங்கில் இருக்கிறது! பலரும் தவறவிடும் இடம் இது.

சமமாகவில்லையா? பின் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள்; உடைந்த துண்டு அதன் இருக்கைக்குள்ளேயே மறைந்து கிடப்பதுண்டு. உயரம் மாற்றக்கூடிய காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த ஒரே தொகுதி) என்றால், ஸ்பிரிங்கைத் தாங்கும் இருபுற வளையங்களின் உயரத்தையும் ஒப்பிடுங்கள்.

அண்மையில் சஸ்பென்ஷன் வேலை நடந்திருந்தால் புஷ்களை (அதன் இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளைகளை) சந்தேகிப்பேன். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்கும். நாம் மறுபக்கத்தைக் குறை சொல்வோம். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போது மீண்டும் இறுக்கினால் போதும்.